அரிசி இல்லாத பந்தி

அத்தியாயம் பதினொன்று

“தோட்டத்தில் ஒரு சாண் மண் போகாமல் என் மகள் கல்யாணத்தை நடத்திக் காட்டுகிறேன்” என்று ஊர்க்காரர் பத்துப் பேர் முன்னால் முத்தாயம்மாள் சவால் விட்டு இன்றோடு இருபத்தாறு நாள். அன்றைக்குக் கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய மச்சாண்டார் நாச்சிமுத்துவுக்குப் பயந்துகொண்டு சிரிக்கவில்லை.

சிரித்தவர்கள் இன்று காலை வந்து பந்தலைப் பார்த்திருக்க வேண்டும்!

ராசிபுரத்துக்கு மேற்கே வேம்படிப்பாளையத்தில் நாளைக்கு முகூர்த்தம். பெண் சாரதாமணி. மாப்பிள்ளை கல்லாங்காட்டூர் கந்தவேல். பெண்ணின் தகப்பனார் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிவிட்டது. அவர் விட்டுப் போனது ஒரு கிணறு, அதைச் சுற்றி மூன்று ஏக்கர் தோட்டம், கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற கவலையை இழுக்க ஒரு சோடி எருது, அப்புறம் அவருடைய அண்ணன் நாச்சிமுத்து. இந்த நாலில் பராமரிக்கச் சிரமமானது கடைசியாகச் சொன்னதுதான்.

தோட்டத்தை அடமானம் வைத்து மூன்று நாள் விருந்து, இரண்டு செட் மேளம், சேலத்திலிருந்து பூ வைத்த மோட்டார் என்று நாச்சிமுத்து போட்ட திட்டத்தை முத்தாயம்மாள் போன மாதமே மடித்து வைத்துவிட்டாள். யுத்தம் நடக்கிறது. பெட்ரோல் கிடையாது, சீமெண்ணெய் கிடையாது, அரிசி கிடையாது. அரிசி கிடைத்தாலும், விருந்துக்கு இத்தனை தலைக்கு மேல் அரிசிச் சோறு போடக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு. மணியகாரர் தண்டோராப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

“சர்க்காரே நமக்கு வழி காட்டிருச்சு. அப்பறம் என்ன?” என்றாள் முத்தாயம்மாள்.

இதோ பந்தல். கீற்றுக்குப் பதில் தன் காட்டுச் சோளத்தட்டு. கலர்க் காகிதத் தோரணத்துக்குப் பதில் கொத்துக் கொத்தாய்ச் செஞ்சோளக் கதிர். கல்யாணம் முடிந்ததும் அதை இறக்கித் தட்டினால் இரண்டு மரக்கால் தேறும். பெட்ரோமாக்ஸ் வேண்டாம். விடியற்கருக்கலில் வைக்கிற முகூர்த்தத்தைப் பொழுது ஏறி ஒன்பது மணிக்கு வைத்துக்கொண்டால் சூரியனே விளக்கு. ஜோசியர் முதலில் முகத்தைச் சுளித்தார். அவருக்கும் வீட்டில் சீமெண்ணெய் இல்லை என்பதால் ஒத்துக்கொண்டார். மோட்டாருக்குப் பதில் கவலை எருதுகளே பெண்ணின் வண்டியை இழுக்கும். கொம்புக்குச் சிவப்பும் பச்சையும் அடித்து, கழுத்துக்குச் சலங்கையும் கட்டியாகிவிட்டது.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுகிற யோசனை ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு வருகிறவர்கள் மொய்ப் பணம் எழுத வேண்டாம். வீட்டுக்கு ஒரு படி தானியம் கொண்டு வந்தால் போதும், சாமையோ தினையோ வரகோ, அவரவர் காட்டில் விளைந்தது. நாளைக்குப் பந்தியில் எல்லோரும் உண்ணப்போவது எல்லோருடைய தானியத்தையும்தான். மூன்று நாளாக வந்து குவிந்த சாமை மட்டும் எட்டு மூட்டை!

புருஷனை இழந்தவள் என்பதால் மங்கலப் பொருள் எதையும் முத்தாயம்மாள் தொடுவதில்லை. பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு வாயாலேயே கல்யாணம் நடத்திக்கொண்டிருந்தாள். அந்த வாய்க்குக் கை தேவையில்லை என்பது ஊரார் அபிப்பிராயம்.

“கந்தம்மா, அந்தக் கதிர இன்னுங் கொஞ்சம் தாழக் கட்டு. மாப்பிள்ளை தலையில இடிச்சா இடிக்கட்டும், அப்பத்தான் குனிஞ்சு வரப் பழகுவாரு!”

பந்தலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முத்தாயம்மாளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவள் கண் மகன் காளியண்ணன் மேல் போனது.

சோளத்தட்டுப் போரிலிருந்து கட்டுக் கட்டாக உருவிக் கொடுப்பது அவன் வேலை. மேற்குப் பக்கமாகவே உருவுகிறான். அந்தப் பக்கம் போர் பள்ளமாகிவிட்டது. கிழக்குப் பக்கம் தொடவே இல்லை.

“ஏன்டா சாமி, அந்தப் பக்கத்துல பாம்பு கீது இருக்குதா?”

“இல்லீங்க ஆத்தா... இந்தப் பக்கந்தான் தட்டு நல்லாருக்குது.”

இருபத்தொரு வயதுப் பிள்ளைக்குக் காது நுனி சிவந்தால் பெற்றவளுக்குத் தெரியாதா? அவளே போனாள். கிழக்குப் பக்கத்துத் தட்டைப் பிடித்து இழுத்தாள். நாலு கட்டு சரிந்தது. உள்ளே சாக்கு மூட்டை. ஒன்றல்ல, மூன்று. ஒன்றன் முனையைக் கிள்ளிப் பார்த்தாள். விரலில் வெள்ளை வெளேரென்று அரிசி வந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். மச்சாண்டாரோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. கல்யாணமாகி வந்த இருபத்து மூன்று வருஷமாக முத்தாயம்மாள் நாச்சிமுத்துவோடு பேசியதெல்லாம் மூன்றாவது ஆளை வைத்துக்கொண்டுதான். ஆள் கிடைக்காத நாளில் மாட்டைப் பார்த்துச் சொல்வாள். அவரும் மாட்டுக்கே பதில் சொல்வார்.

புளியமரத்தடியில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தார் நாச்சிமுத்து. முத்தாயம்மாள் பத்தடி தள்ளி நின்று, முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொண்டாள். நடுவில் காளியண்ணன்.

“காளியண்ணா, உங்க பெரியப்பனக் கேளு. அந்த அரிசி ஆருது?”

“வாழப்பாடி யாவாரி தீர்த்தகிரி குடுத்ததுன்னு சொல்லுடா” என்றார் நாச்சிமுத்து, புளியங்கிளையைப் பார்த்து.

“எதுக்குக் குடுத்தாருன்னு கேளு.”

“என்ற தம்பி மவ கண்ணாலத்துக்குன்னு சொல்லு.”

“சும்மா குடுக்கறதுக்கு அவரு நமக்கு மாமனா, மச்சானான்னு கேளு.”

நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். காளியண்ணன் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலித்துப்போய், தாங்க மாட்டாமல் உடைத்துவிட்டான்.

“ஆத்தா, நம்ம கவலை எருதுங்க! கண்ணாலம் முடிஞ்ச மக்யாநாளு ஓட்டிக்கிட்டுப் போவாராம். பெரியப்பன் வாக்குக் குடுத்துட்டாரு. உங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிக்கிட்டாரு.”

தோட்டத்தில் மிளகாயும் வெங்காயமும் இளசாக நிற்கின்றன. மூன்று நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் விடாவிட்டால் கருகிவிடும். எருது இல்லாத கிணறு இருந்தென்ன, இல்லாமல் போனாலென்ன? மண் போகாமல் காப்பாற்றியதெல்லாம் மூன்று மூட்டை அரிசியில் போய்விட்டது.

அவள் மகனை ஒரு கையால் நகர்த்தினாள். நேராக மச்சாண்டாரைப் பார்த்தாள்.

“இருவத்தி மூணு வருசமாப் பேசுனதில்லீங்க. இன்னிக்குப் பேசறேன், கோவிச்சுக்காதீங்க. எருது போயிருச்சுன்னா கவலைய ஆரு இழுக்கறது? நீங்க ஒரு பக்கம், நானு ஒரு பக்கமா?”

நாச்சிமுத்து கட்டிலிலிருந்து எழுந்தே விட்டார். அவள் குரல் இப்படி நேரே தன் மேல் விழும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

“முத்தாயி... எனக்கென்ன ஆசையா? என்ற தம்பி இருந்திருந்தா சுத்துப்பட்டு ஊரையே கூப்பிட்டு அரிசிச் சோறு போட்டிருப்பான். நீ ஊட்டுக்கு ஒரு படின்னு கேட்டு வாங்கிப் போடற. பிச்சையெடுத்துக் கண்ணாலம் பண்ணுனான் நாச்சிமுத்துன்னு பேச மாட்டாங்களா? அவன் படத்துக்கு முன்னால நின்னு நான் என்னன்னு சொல்லறது?”

சொல்லிவிட்டு அந்தப் பெரிய மீசைக்காரர் மறுபடி கட்டிலில் உட்கார்ந்தார். தம்பி மேல் இந்த மனிதருக்கு இருந்த பாசத்தை முத்தாயம்மாள் அறியாதவளா? ஆனால் பாசத்தை ஏரில் பூட்ட முடியாது.

“பணமா எழுதுனா மொய்யி, சாமையா அளந்தா பிச்சைங்களா? அவங்கவங்க காட்டுல வெளைஞ்சதக் கொண்டாந்து அவங்கவங்களே உக்காந்து உண்ணப் போறாங்க. இதுல ஆரு குடுத்தது, ஆரு வாங்குனது? உங்க தம்பி இருந்திருந்தா இன்னிக்கு எருதக் குடுத்திருப்பாருங்களா? நெஞ்சுல கையை வெச்சுச் சொல்லுங்க.”

நாச்சிமுத்து நெஞ்சில் கை வைக்கவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“தீர்த்தகிரி இன்னிக்கு ராசிபுரம் சந்தையில இருப்பாருங்க பெரியப்பா” என்றான் காளியண்ணன் மெதுவாக.

“சைக்கிள எடு. மூட்ட மூணும் தெச்ச வாய் தெச்சபடி இருக்குது, வண்டியோட வந்து எடுத்துக்கச் சொல்லு. வெசையாப் போ!” என்றாள் முத்தாயம்மாள். பிறகு மச்சாண்டார் பக்கம் திரும்பி, “உங்க வாக்கு ஒண்ணும் கெட்டுப் போகலீங்க. பொருளத் திருப்பிக் குடுத்துட்டா வாக்கும் திரும்பிரும்” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மூட்டைகளை ஆட்கள் இழுத்துவந்து பந்தல் ஓரமாக, தீர்த்தகிரியின் வண்டி வந்தால் ஏற்ற வசதியாகப் போட்டார்கள். இந்தக் காரியம் ஒன்றுதான் அன்றைக்கு முத்தாயம்மாள் யோசிக்காமல் செய்தது.

வீட்டுக்குள் சாரதாமணி ராசிபுரத்துச் சேலையைக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டுக் கிடையாது. தறிக்காரருக்குக் கடலைக்காய் மூட்டை கொடுத்து, கேட்ட நிறத்தில் கேட்ட கரையோடு நெய்து வாங்கிய பருத்திச் சேலை. மாம்பழ நிறம், அரக்குக் கரை. கட்டியிருந்த பெண்ணைப் பார்த்தால் பட்டைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

“ஆத்தா, அரிசிச் சோறு இல்லீன்னா மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கோவிச்சுக்குவாங்களா?”

“கோவிச்சா ரெண்டு நாளைக்கு இருக்கும் அம்மிணி. நீ நோம்பி நொடி, நல்ல நாளுக்குப் பொறந்த ஊடுன்னு வந்து நிக்கறதுக்குத் தோட்டம் எப்பவும் இருக்கோணும்.”

அதைச் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் வண்டிச் சத்தம். அதைவிடப் பெரிதாக ஒரு பெண் குரல்.

மாப்பிள்ளையின் அக்காள் சென்னியம்மாள்! பொழுது சாயும்போது வரவேண்டியவள் உச்சிக்கே வந்துவிட்டாள். இவளைப் பற்றிப் போன அத்தியாயங்களில் காதால்தான் கேட்டிருக்கிறோம். தம்பிக்குப் பெண் தேடி ஏழு ஊர் சுற்றி ஆறு ஊரில் குற்றம் சொன்னவள். முகூர்த்தத்துக்கு முன் மாப்பிள்ளையோடு கூட உட்கார்ந்து இணைச்சீர் செய்ய வேண்டியவளும் அவளே. அந்தச் சீருக்கு அக்காள் உட்காராமல் மாப்பிள்ளை மணவறைக்கு எழுந்து வருவது எங்கேயும் கிடையாது.

முத்தாயம்மாள் வெளியே வந்தபோது சென்னியம்மாள் பந்தலைச் சுற்றிப் பார்த்து முடித்து, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“வாங்க அம்மிணி, தண்ணி குடிங்க.”

“வந்தேனுங்க அத்தை. பந்தல் புதுசா இருக்குது, பாக்க நல்லாத்தான் இருக்குது. ஆனா ஒண்ணுங்க, சாமைச் சோறு போடறீங்கன்னு ஆரோ சொல்லி எங்க ஊருல ஒரே பேச்சு. எனக்கு மனசே செரியில்லீங்க. இப்பத்தான் உசுரு வந்துது. மூணு மூட்ட! நம்ம அத்தை உட்டுக்குடுக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும்.”

முத்தாயம்மாள் மூட்டைகள் கிடந்த பக்கம் பார்க்காமலே பதில் சொன்னாள்.

“அது நம்ம மூட்ட இல்லீங்க. திரும்பிப் போகப் போவுது. பந்திக்குச் சாமைச் சோறுதான்.”

சென்னியம்மாளின் முகம் சட்டென்று சுருங்கிப்போயிற்று.

“வெளையாடறீங்களா?”

“கண்ணால ஊட்டுல நின்னுக்கிட்டு வெளையாடுவனுங்களா? சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் கொழம்பு, தட்டைப்பயிறு கடைசல், தினைப் பாயசம், எங்க தோட்டத்து வாழைப்பழம். எல சின்னதா இருந்தாக் கேளுங்க.”

“அப்படீங்களா? அப்ப நாளைக்கு இணைச்சீருக்கு நானு உக்காரலீங்க. எங்க ஒறம்பரை சனமெல்லாம் சாமைச் சோத்த உண்டுபோட்டு என்ற தம்பி தலையெழுத்தப் பேசறதக் காது குடுத்துக் கேக்க என்னால ஆகாது.”

பந்தலில் கதிர் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கை நின்றது. புளியமரத்தடியில் நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். இதைத்தானே அவர் பயந்தார்!

முத்தாயம்மாள் கெஞ்சவும் இல்லை, கோபப்படவும் இல்லை. “செரிங்க. உக்காரறதும் உக்காராததும் உங்க இஷ்டம். அதுக்கு முன்னால எங்கூட ஒரு எட்டு கெணத்து மேட்டுக்கு வாங்க” என்று முன்னால் நடந்தாள். மறுப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். சென்னியம்மாள் என்ன நினைத்தாளோ, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் போனாள்.

கிணற்று மேட்டில், வேலங்காய் தின்றுகொண்டு நின்றன இரண்டு எருதுகளும். ஆலம்பாடி இனத்துச் சோடி. சாம்பல் நிறம், ஒரே உயரம், அம்பு மாதிரிக் கொம்பு.

“இதுங்களக் குடுத்துத்தான் அந்த மூணு மூட்டையும் வந்துதுங்க. எங்க மச்சாண்டாரு எனக்குத் தெரியாமப் பேசிட்டாரு. உங்க தம்பி பொண்டாட்டிக்குப் பொறந்த ஊடு இந்தத் தோட்டம். தோட்டத்துக்கு உசுரு இதுங்க ரெண்டும். ஒரு வேளை அரிசிச் சோத்துக்கு இதுங்கள அவுத்து உடறேன், நீங்க சொல்லுங்க அம்மிணி. உங்க வாயால சொல்லுங்க, அவுத்து உட்டர்றேன்.”

சென்னியம்மாள் அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. எருதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டப் போனாள். வலது எருதின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தாள். திமிலைத் தட்டினாள். நெற்றிச் சுழியை விரலால் தேடினாள். சுற்றி வந்து குளம்பைப் பார்த்தாள். கல்லாங்காட்டூரில் மாட்டுத் தரகர்களே அவளிடம் யோசனை கேட்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அது பொய் இல்லை போலிருக்கிறது.

“எட்டுப் பல்லும் தேயாம இருக்குது” என்றாள். “மூணு மூட்ட அரிசிக்கா?”

“ஆமாங்க.”

“மூணே மூணு மூட்டைக்கா? இந்தச் சோடியையா?” குரல் உச்சத்துக்குப் போயிற்று. “உங்க மச்சாண்டாருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுங்களா? எங்க ஊருல இதுக்குப் பத்து மூட்ட தாரேன்னு வரிசையில நிப்பாங்களே! எந்த வாழப்பாடிக்காரன் அவன்? வரட்டும், அவன நான் கேக்கறேன்!”

முத்தாயம்மாளுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. சாமைச் சோறு போன இடம் தெரியவில்லை. மாட்டை மதிப்புக் குறைவாகப் பேசியதைத்தான் சென்னியம்மாளால் பொறுக்க முடியவில்லை.

“அப்ப இணைச்சீருங்க அம்மிணி?”

“உக்காரறேனுங்க, உக்காராம என்ன! சாமைச் சோத்த எங்க ஒறம்பரை பேசுனா அவங்க வாய நானு பாத்துக்கறேன். இந்த எருது பூட்டுன வண்டியிலதான் எங்க ஊட்டுக்குப் பொண்ணு வரோணும். எவனும் தொடக்கூடாது, ஆமா!” என்றவள் திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஐயோ அத்தை!”

“என்னங்க?”

“நானு வந்ததும் மூட்டையப் பாத்தனா... எங்கூட வந்த பொம்பளைங்ககிட்ட... காலம்பறச் சந்தவை புழியறதுக்கு ஒரு மூட்டைய அவுத்து ஊறப் போடுங்கடின்னு சொல்லிப்போட்டேனுங்க!”

இரண்டு பேரும் ஓடினார்கள்.

வீட்டுப் பின்புறம், பெரிய அண்டாவைச் சுற்றி நாலு பெண்கள் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்தும் சும்மா இருக்காமல் கை கொடுக்கிறோமே என்ற பெருமை அவர்களுக்கு. அண்டாவில் விளிம்பு வரை தண்ணீர். தண்ணீருக்கடியில் வெள்ளையாக அரிசி. பக்கத்தில் வாய் பிரிந்த சாக்கு.

அதே நேரம் வாசலில் காளியண்ணனின் சைக்கிள் மணி அடித்தது. பின்னாலேயே தீர்த்தகிரியின் வண்டியும் வந்து நின்றது.

தீர்த்தகிரி சத்தம் போடுகிற ஆள் இல்லை. பந்தல் ஓரத்தில் மீந்திருந்த இரண்டு மூட்டையைப் பார்த்தார். பின்புறம் போய் அண்டாவைப் பார்த்தார். திரும்பி வந்து பந்தலில் தொங்கிய சோளக் கதிரைக்கூட நிதானமாகப் பார்த்தார்.

“பேச்சுத் தவறுனது நான் இல்லைங்க. பிரிக்காம மூணும் இருந்தா எடுத்துக்கிட்டுப் பேசாம போயிருப்பேன். ரெண்டை எடுத்துக்கறேன். ஊறுனதுக்கு ஒத்தை எருது குடுத்திருங்க.”

“ஒத்தை எருத வெச்சுக் கவலை ஓட்ட முடியுமாய்யா? ஒரு மூட்ட அரிசிக்கு ரெண்டு மூட்ட சாமை தாரேன், ஏத்திக்க” என்றாள் முத்தாயம்மாள்.

“சேலத்துல சாமையை யாரு வாங்குவா?”

சென்னியம்மாள் முன்னால் வந்தாள். “அவுத்தது நானு, எங்கிட்டப் பேசு. ஒரு மூட்டைக்கு எருதா? மணியகாரரக் கூப்புடட்டுமா?”

“கூப்புடுங்கம்மா. எந்த வீட்டு அண்டாவுல அரிசி ஊறுதுன்னு அவரே வந்து பார்க்கட்டும்.”

சென்னியம்மாளே ஓரடி பின்னால் போனாள். மணியகாரர் வந்தால் அரிசியும் போகும், நாளைக் கல்யாணமும் தாலுகாக் கச்சேரி வாசலில் நிற்கும். தீர்த்தகிரி வண்டியிலிருந்து கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்று மேட்டுப் பக்கம் இரண்டு அடி வைத்தார்.

“நில்லு.”

நாச்சிமுத்து புளியமரத்தடியிலிருந்து வந்துவிட்டார். சற்று முன் குனிந்த தலை இப்போது நிமிர்ந்திருந்தது.

“வாக்குக் குடுத்தவன் நானு. தப்புப் பண்ணுனவனும் நானு. என்ற தம்பி எருதத் தொடாத. என்ற கட்டுத்தரைக்கு வா. அங்க நிக்கற சோடியில உனக்குப் புடிச்ச ஒண்ண ஓட்டிக்க.”

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ‘ஆகா’ என்றார்கள். காளியண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எருது தப்பியது, தோட்டம் தப்பியது! முத்தாயம்மாளின் மனசு குதித்தது. அது அவள் முகத்திலும் தெரிந்துவிட்டது.

மறுகணமே அவளுக்குச் சுருக்கென்றது. திரும்பிப் பார்த்தாள்.

பந்தலுக்கு அப்பால், விருந்துச் சமையலுக்கு வெட்டிய கோட்டை அடுப்பின் முன் ராஜம்மாள் நின்றாள். நாச்சிமுத்துவின் மனைவி, முத்தாயம்மாளின் ஓரகத்தி. முத்தாயம்மாள் வாயால் சொன்னதையெல்லாம் இருபத்தாறு நாளாகக் கையால் செய்தவள். நாச்சிமுத்துவின் கட்டுத்தரையில் நிற்கிற சோடி அவளுடைய பிறந்த வீட்டுச் சீர். அவளுடைய தகப்பனார் சாவதற்கு முந்தின மாதம் கன்றுகளாக ஓட்டிக்கொண்டு வந்து விட்டுப் போனது. பிள்ளை இல்லாத ராஜம்மாள் இரண்டையும் தவிடும் புண்ணாக்கும் வைத்துக் கையில் வளர்த்தாள். ஒன்றைவிட்டு ஒன்று தண்ணீர் குடிக்காது என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

இப்போது அவள் பார்த்துக்கொண்டிருந்தது புருஷனை இல்லை. முத்தாயம்மாளின் முகத்தில் வந்துபோன சந்தோஷத்தை.

“அக்கா...” என்றாள் முத்தாயம்மாள். “வேண்டாமுங்க மச்சாண்டாரே! அது அக்கா எருது. வேண்டாம்னு சொல்லுங்க!”

“இப்பச் சொல்லி என்ன முத்தாயி?” ராஜம்மாள் கரண்டியை அடுப்பு மேட்டில் வைத்தாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “உன்ற எருதுன்னதும் ஊரையே கூட்டிப் பேசுன. என்றதுன்னதும் ஒரு மூச்சு உட்டுக்கிட்ட. பாத்தேன், போ. அவரு எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நீயும் கேக்கல. நாளைக்குத் தாரை வாக்கறதுக்கு வேற ஆரையாச்சும் உக்கார வெச்சுக்குங்க.”

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரி வழியாகத் தன் பிறந்த ஊர்ப் பக்கம் நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. தடுக்கப் போன நாச்சிமுத்துவும் இரண்டு அடி வைத்து நின்றுவிட்டார்.

சென்னியம்மாள் மெதுவாகக் கேட்டாள். “பொண்ணத் தாரை வாத்துக் குடுக்கறது அவங்கதானுங்களே அத்தை? நீங்க உக்காரவும் முடியாது. இப்ப என்னங்க பண்றது?”

அந்த ஊரில் வேறு தம்பதிகள் இல்லையா? பத்துப் பங்காளி வீடு இருக்கிறது. கூப்பிட்டால் வரமாட்டார்களா? அரிசிக்குச் சொன்னதும், விளக்குக்குச் சொன்னதும், மோட்டாருக்குச் சொன்னதும் போல இதற்கும் ஒன்றைச் சொல்வாள் என்று எல்லோரும் முத்தாயம்மாளின் வாயையே பார்த்தார்கள். பந்தலுக்கு மாற்று வைத்திருந்தாள், சோற்றுக்கு மாற்று வைத்திருந்தாள். ராஜம்மாளுக்கு மாற்று அவளிடம் இல்லை.

மேற்கே, கல்லாங்காட்டூர் வண்டிகளின் சலங்கை கேட்கத் தொடங்கியது.

“உங்க தம்பிய நீங்களே எறக்கிக் கூட்டிட்டு வந்து உக்கார வெய்யுங்க அம்மிணி. தீர்த்தகிரி, நான் வர்ற வரைக்கும் ஒரு கயித்த ஒருத்தரும் அவுக்கக் கூடாது. அக்கா இல்லாம இந்தப் பந்தல்ல ஒண்ணும் நடக்காது. நடக்க நான் உட மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளை அழைப்புக்கு ஊரே எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருக்க, முத்தாயம்மாள் இட்டேரியில் இறங்கி ஓட ஆரம்பித்தாள்.